சொம்மல் என்றால் என்ன?

என் பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இசக்கி எங்கள் ஊர்க்காட்டுத் தெய்வம். கையில் பிள்ளையோடு நிற்பாள், தனக்குத் தீங்கு செய்தவனைச் சும்மா விடமாட்டாள். நான் பம்பாயில், முலுண்ட் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஆபீசில் வாய் நோகாமல் ‘அம்மு மேடம்’ என்று கூப்பிடுகிறார்கள். பேரைச் சுருக்கலாம், குணத்தைச் சுருக்க முடியுமா? செம்பூர் ஞானராஜ் சாரை அவர் ஏறி நின்ற அதே மேடையில் வைத்து மூக்கறுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முழுக்கக் கருவிக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, நான் செய்தது தப்பா சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஞானராஜ் சார் பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். செம்பூரில் ஒரு தமிழ் மன்றத்துக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் காலனிப் பிள்ளைகளுக்கு ‘வாசிப்பு வகுப்பு’ நடத்துகிறார். மன்றத்து ஆண்டு விழாவில் படித்துப் பொருள் சொல்லும் போட்டி உண்டு. ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த வருஷமும் கோப்பை அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் போகும். போன வருஷம் என் மகள் உமாமகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனேன். தாராவியிலிருந்து போன ஒரே பிள்ளை அவள்தான். இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது.

பத்தி சின்னதுதான். கடும் வெயிலில் வந்த வழிப்போக்கன் ஒருவன் தண்ணீர் கேட்டான், வீட்டுக்கார அம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தாள், அவன் மனம் குளிர்ந்து வாழ்த்திவிட்டுப் போனான். உமா திக்காமல் வாசித்தாள். ஞானராஜ் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அந்த அம்மாள் என்ன கொடுத்தாள்? உன் சொந்த வார்த்தையில் சொல்லும்மா” என்றார்.

சொந்த வார்த்தையில் என்று அவர் சொன்னாரா இல்லையா? அவள் சொந்த வார்த்தையில் சொன்னாள். “மயில் குடுத்தாங்க.”

பம்பாய்க்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும். இந்தியில் மோர் என்றால் மயில். தாராவியில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கிற மளிகைக் கடை ஃபிரிட்ஜில் பாக்கெட்டில் இருக்கிற மோரை நாங்கள் இந்திப் பேரில் சாஸ் என்றுதான் சொல்லி விற்கிறோம். வீட்டிலும் அதே சாஸ்தான். தமிழ் மோர் அவள் காதில் விழுந்ததே இல்லை. ஹால் முழுக்கச் சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், கூட்டம் என்றால் சிரிக்கும். ஆனால் இந்த மனுஷன் என்ன செய்ய வேண்டும்? பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை, கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டாமா? மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், “தோகையோடு கொடுத்தாளா, உரித்துக் கொடுத்தாளா? ஒரே மடக்கில் குடித்தானா?” என்று கேட்டார். உமா மேடையிலேயே அழுதாள். அதையும் யாரோ வீடியோ எடுத்தார்கள்.

கோப்பையை வாங்கினது காலனிப் பையன் ஒருவன். டக்கென்று ‘மோர்’ என்று சொல்லியிருந்தான். சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்கு முன்னால் கோப்பையோடு நின்றான். பரிமாறுகிறவர், “தம்பி, மோர் வேணுமா?” என்று கேட்டார். பையன் அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “மோர் மீன்ஸ்?” என்றான்.

“சாஸ்டா,” என்றாள் அவள்.

“ஓ, சாஸ்! அப்ப வேணும்.”

கேள்வியில் இருந்த வார்த்தையைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருந்ததை ஒப்பித்தவனுக்குக் கோப்பை. யோசித்துப் பதில் சொன்னவளுக்குச் சிரிப்பு. ஆமாம், யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன், “தண்ணி கேட்டவனுக்கு எதுக்கு மயிலக் குடுப்பாங்கன்னு நெனச்சட்டி?” விக்கலுக்கு நடுவே அவள் சொன்னாள்: “மயில் ஆடுனா மழை வரும்ல. அவங்க வீட்லயும் தண்ணி இல்லை போல. அதான் மயிலக் குடுத்து அனுப்பிட்டாங்க.” தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற சந்தில் வளர்ந்த பிள்ளை அவள். அந்த ஒரு கேள்வியை, ஏன் அப்படி நினைத்தாய் என்ற ஒரே ஒரு கேள்வியை, அந்த மேடையில் எவனும் கேட்கவில்லை.

அத்தோடு விட்டாரா? பொங்கல் விழாவில் அந்தக் கதையைச் சொன்னாராம். மாட்டுங்காவில் ஒரு கல்யாண வரவேற்பில் சொன்னாராம். ‘தாராவிப் பிள்ளை மயிலைக் குடித்த கதை’ என்று பெயரே வைத்துவிட்டார். வீடியோ எங்கள் சந்துக்கும் வந்து சேர்ந்தது. பையன்கள் அவளைப் பார்த்து ‘ஏ மோர்னி’, ஏ பெண் மயிலே, என்று கத்தினார்கள். உமா முதலில் தமிழை விட்டாள். நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். பிறகு பள்ளிக்கூடத்தில் எதையுமே வாய்விட்டு வாசிக்க மாட்டேன் என்றாள். டீச்சர் எழுப்பி நிறுத்தினால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றாளாம். “ரீடிங்கில் பிரச்சினை இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்” என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பிரச்சினை அவளிடமா இருந்தது? செம்பூரில் வேட்டி கட்டிக்கொண்டு அல்லவா திரிந்தது!

என் வீட்டுக்காரர் ராஜகுமார் சாது. “ஏ இசக்கி, விடு. நாம கடை வச்சுப் பொழைக்க வந்தவங்க. சின்னப் பிள்ளை, மறந்துரும்,” என்றார்.

“அவ மறந்தா என்ன, நான் மறக்கமாட்டேன். அந்த ஆளு வாயாலயே அந்த ஆளு மானம் போணும். போகாம எனக்குச் சோறு செமிக்காது,” என்றேன்.

“ஆண்டவா,” என்று சொல்லிவிட்டு அவர் பருப்பு அளக்கப் போய்விட்டார்.

வழி தெரியவில்லையே தவிர வைராக்கியத்துக்குக் குறைவில்லை. எங்கள் சந்தில் லெதர் பை தைக்கிற நஜ்முன்னிசா எனக்குத் தோழி. மேலப்பாளையத்துக்காரி. அவள் மகள் பரீஹாவையும் எதிர்வீட்டு கண்ணாவையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு மச்சுக்கு வரச் சொன்னேன். அடுத்த போட்டிக்கு மூன்று பேர் அணி வேண்டும் என்று மன்றத்தில் அறிவித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வளர்க்கிற நல்ல மனசு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஞானராஜ் சாரின் மூக்கு.

முதல் நாள் பரீஹாவிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே இருந்த கேள்விகளுக்கு எழுதச் சொன்னேன். எல்லாம் சரி. “இந்தக் கதைல என்னட்டி நடந்துச்சு?” என்று கேட்டேன். முழித்தாள்.

“தெரியாம எப்படி எழுதுன?”

“ஆன்ட்டி, அது ஈஸி. கேள்வில இருக்குற வேர்டை மேல தேடணும். கெடச்சா பக்கத்துல இருக்குறதைக் காப்பி மாரணும். பஸ், அவ்ளோதான்.”

அடிப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கோப்பை வாங்கின பையனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கே நாலு சட்டம் போட்டேன். ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், கண்ணில் என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். தமிழில் வந்தால் தமிழ், இந்தியில் வந்தால் இந்தி. தப்பாகச் சொன்னால் திட்டு கிடையாது, ‘ஏன் அப்படி நினைச்ச?’ என்ற கேள்விதான். எவன் சிரித்தாலும் கீழே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அப்பப்பா, என்னவெல்லாம் வந்தது! ‘அரசன் புறாவைத் தூது விட்டான்’ என்று வாசித்துவிட்டுக் கண்ணா, “ராஜா கபூதர்கிட்ட தூத் குடுத்து வுட்டான்” என்றான். ஏன் என்றால், “ராணி வீட்ல பேபி இருக்கும்ல, அதுக்குப் பாலு.” ‘வீட்டைப் பூட்டினான்’ என்றதும் பரீஹா வீட்டுக்குள் பூத்தைக் கொண்டுவந்தாள், அதாவது பேயை. ‘அவனுக்கு நாக்கு நீளம்’ என்றால் மூக்கைத் தொட்டுக் காட்டினார்கள், இந்தியில் நாக் என்றால் மூக்காயிற்றே. எல்லாம் தமிழ் வேஷம் போட்ட இந்தி. பிள்ளைகளே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், ‘டூப்ளிகேட் வார்த்தை’ என்று. பெரிய கம்பெனிப் பைகளுக்கு நகல் தைக்கிற தாராவிப் பிள்ளைகளுக்கு டூப்ளிகேட் என்றால் என்ன என்று சொல்லித்தரவா வேண்டும்! பையைத் திருப்பித் தையலைப் பார்ப்பதுபோல வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பேபிக்குப் பால் என்றால் அடுத்த வரியில் புறா பதில் கொண்டுவருகிறதே, அது எப்படி, என்று கண்ணாவே தலையைச் சொறிவான். சொறிந்து சொறிந்து சரியான அர்த்தத்துக்கு வந்துவிடுவான். எனக்கு மூக்கு மறந்துபோய்ச் சில ஞாயிற்றுக்கிழமைகள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

ஆனால் உமா வரமாட்டாள். மச்சு ஏணிக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். “நீயும் வாயேன் மக்ளே” என்றால், “மேரேகோ நஹீ ஆத்தா”, எனக்கு வராது, என்று இந்தியில் சொல்வாள். ஒரு தடவை கண்ணாவின் தப்புக்கு யாரும் சிரிக்காததைப் பார்த்து மேலே நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

வழி ஞானராஜ் சார் கையாலேயே திறந்தது. பத்தியைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்று முலுண்ட் பெற்றோர்கள் சிலர் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, அந்த வருஷம் புது விதி போட்டார். கடைசிச் சுற்றில் இரண்டு அணிகள். ஒவ்வொரு அணியின் ஆசிரியரும் ஒரு பத்தியும் கேள்விகளும் மூடின கவரில் கொண்டுவர வேண்டும். அது எதிர் அணிக்குப் போகும். தன் பிள்ளைகளுக்கு எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அசைய மாட்டார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சவால் வேறு விட்டிருந்தார்.

சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். என்ன பத்தியைக் கொடுத்தாலும் வார்த்தையைத் தேடிப் பக்கத்தில் இருப்பதை ஒப்பித்துவிடுவார்கள். கஷ்டமான பத்தி கொடுத்தாலும் அதே கதிதான். அப்படியென்றால் அர்த்தமே இல்லாததைக் கொடுத்தால்? வண்டி வந்தது, ஏறினது, முலுண்ட் வந்தது, எதுவும் எனக்கு நினைவில்லை. லேடீஸ் பெட்டியில் ஒருத்தி, “தீதி, என்ன தனியாகச் சிரிக்கிறீங்க?” என்று இந்தியில் கேட்டாள்.

அன்று சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டே உமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “உலகத்துலயே இல்லாத வார்த்தையா வேணும். கேட்டா தமிழ் மாதிரி இருக்கணும். எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. ‘துவிட்டி’ன்னு ஒண்ணு, ‘தெவுளன்’னு ஒண்ணு வச்சிருக்கேன். அவன் எதைத் தூக்கிட்டுப் போவான்?”

அவள் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். நான் வற்புறுத்தாமல் சப்பாத்தியைத் தேய்த்தேன்.

“சொம்மல்,” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வார்த்தை அது. அது தமிழே இல்லை என்பது வேறு விஷயம். “எத்தன சொம்மல்?” என்று கேட்டேன்.

“மூணு. மூணு சொம்மல்களைத் துவிட்டி வைப்பான்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா கடையிலிருந்து ஓடிவந்து, “என்ன, என்ன?” என்றார். இரண்டு பேரும் அவருக்குச் சொல்லவில்லை.

போட்டிக்கு மூன்றாவது ஆளாக வருவாயா என்று கேட்டேன். யோசித்தாள். “நான் ஒண்ணும் பேசமாட்டேன். நடுவுல உக்காந்துக்குவேன். அந்தச் சாரு மூஞ்சியப் பாக்கணும்,” என்றாள். இது போதும் எனக்கு. பெற்றவளின் ரத்தம் எங்கே போகும்?

விழா அன்று ஞானராஜ் சார் பட்டுக்கரை வேட்டியில் இருந்தார். முதல் சுற்றுகளில் மாட்டுங்கா, தேவ்நார் அணிகளைத் தாண்டி எங்கள் பிள்ளைகள் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது அவர் புருவத்தை உயர்த்தினார். பரீஹாவும் கண்ணாவும் பதில் சொன்னார்கள். உமா நடுவில் உட்கார்ந்து மேஜை விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் எங்களுக்கு அவர் கொண்டுவந்த பத்தியைக் கொடுத்தார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? மயிலும் மோர்ப்பானையும்! வேண்டுமென்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணா ‘மோர்ப்பானை’ என்று வாசித்தபோது ஹாலில் கிசுகிசுவென்று சிரிப்பு ஓடியது. உமாவின் காது சிவந்ததை முதல் வரிசையில் இருந்தே பார்த்தேன். சிரிடா மகனே, இன்னும் கொஞ்ச நேரம்தான், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணாவும் பரீஹாவும் தடுமாறாமல் முடித்தார்கள். பத்துக்கு எட்டு.

அடுத்தது எங்கள் கவர். காலனி அணியிலிருந்து ஒரு பையன் எழுந்து கணீரென்று வாசித்தான்:

“ஓர் ஊரில் தெவுளன் ஒருவன் இருந்தான். அவன் நாள்தோறும் மூன்று சொம்மல்களைத் துவிட்டிக் குறுமலில் இறக்கி வைப்பான். ஒரு நாள் நெடிய பிசவு வந்தது. அதனால் சொம்மல்கள் எல்லாம் ஞவுத்துப் போயின. தெவுளன் மிகவும் விசலித்தான்.”

அணியில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, “சார், குறுமல்னா...” என்று ஆரம்பித்தாள். ஞானராஜ் சார், “கேள்வி கேட்காதே, பதிலைத் தேடு,” என்றார். அவள் கையை இறக்கிக்கொண்டாள். தலைமை தாங்கிய அம்மாள் எங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“தெவுளன் நாள்தோறும் எதைத் துவிட்டினான்?”

“மூன்று சொம்மல்களை!”

“எங்கே இறக்கி வைத்தான்?”

“குறுமலில்!”

“சொம்மல்கள் ஏன் ஞவுத்துப் போயின?”

“நெடிய பிசவு வந்ததால்!”

எல்லாம் சரி. பத்துக்குப் பத்து. கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு உட்கார முடியவில்லை, சந்தோஷத்தில் கால் ஆடியது. ஞானராஜ் சார் மைக்கை எடுத்தார். எடுங்கள் சாமி, எடுங்கள்.

“அவையோர் கவனிக்க வேண்டும். தாராவி அணியின் ஆசிரியை கொடுத்தது சாதாரணப் பத்தி அல்ல. பழந்தமிழ்ச் சொற்கள் நிறைந்த பத்தி. இப்படிப்பட்ட சொற்களுக்கும் நம் பிள்ளைகள் திணறவில்லை. இதற்குப் பெயர்தான் வாசிப்புப் பயிற்சி.”

பழந்தமிழ்! என் மனசு கூத்தாடியது. ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. தெரிந்த வசவையெல்லாம் விலக்கிவிட்டு, வசவைவிடக் காரமாக வடித்துவைத்த பேச்சு. எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைப் படிக்கு நடந்தேன்.

அப்போது எங்கள் அணி மேஜை மைக்கில் ஒரு சின்னக் குரல் கேட்டது. “சார், ஒரு டவுட்.”

உமா எழுந்து நின்றிருந்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

ஞானராஜ் சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “யாரு, நம்ம மயில் பாப்பாவா? கேளம்மா, கேளு.” ஹால் சிரித்தது.

ஹாலின் சிரிப்பு அடங்குகிறவரை அவள் காத்திருந்தாள். “சொம்மல்னா என்ன சார்?”

அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாருங்கள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நாங்கள் இத்தனை பேரும் வாயில் மண்ணோடு வீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவர் தொண்டையைச் செருமினார். “சொம்மல் என்பது ஒருவகைப் பாத்திரம் அம்மா. வாய் அகன்ற மண் பாத்திரம். இப்போது வழக்கில் இல்லை.”

பின்வரிசையில் நஜ்முன்னிசா களுக்கென்று சிரித்துவிட்டாள். உமா அந்தப் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, மரியாதையாக, ஞாயிற்றுக்கிழமை மச்சில் நான் கேட்கிற அதே குரலில் கேட்டாள். “ஏன் சார் பாத்திரம்னு நெனச்சீங்க?”

“ஏன் என்றால்...” அவர் காகிதத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அதை வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார். “மூன்று என்று எண்ணிக்கை வருகிறது. இறக்கி வைப்பான் என்று வருகிறது. அப்படியானால் சுமக்கிற பொருள்தானே? பிசவு வந்து கெட்டுப்போகிறது... அதனால்... பாத்திரம்...” குரல் தேய்ந்துகொண்டே போனது. வியர்வை பொட்டுப் பொட்டாக நெற்றியில் வந்தது. மனுஷனுக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது.

“நல்லா யோசிச்சிருக்கீங்க சார்,” என்றாள் உமா. “பக்கத்துல இருக்குற வார்த்தை எல்லாத்தையும் பாத்து யோசிச்சிருக்கீங்க. ஆனா அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. சொம்மல் நான் உண்டாக்குனது. மத்ததெல்லாம் எங்கம்மா.”

“நான் அப்பவே கேட்டேன்ல சார்!” என்று கத்தினாள் அந்தக் கண்ணாடிப் பெண். அவ்வளவுதான், கூரை பறந்துவிட்டது. முலுண்ட்காரர்கள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். காலனிக்காரர்களும் சிரித்தார்கள். போன வருஷம் என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான், எனக்கு ஒவ்வொரு வாயும் அடையாளம் தெரியும். ஞானராஜ் சார் மைக்கைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது. கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று தலைமை தாங்கிய அம்மாளுக்கும் தெரியவில்லை. அது மேஜையிலேயே கிடந்தது. எங்களில் யாருக்கு அது வேண்டும்?

பரீஹாவையும் கண்ணாவையும் நஜ்முன்னிசா ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நானும் உமாவும் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள். வெற்றிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு மூலையில் சின்ன எரிச்சல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என் பேச்சு தொண்டையிலேயே செத்துப்போயிற்றே.

“ஏட்டி,” என்றேன். “ஒரு வருஷமா மனசுல வச்சிருந்தேன். நாலு வார்த்தை நறுக்குனு கேக்க விடாமப் பண்ணிட்டியே. அது போட்டும். அந்த ஆளுக்குப் போயி ‘நல்லா யோசிச்சிருக்கீங்க’ன்னு மார்க்கு வேற போடுத. ஒன்ன அழ வச்ச மனுஷன்ட்டி அவரு. அவ்வளவு நல்லவளா நீ?”

உமா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லவளா?” என்றாள். “நீ திட்டிருந்தா என்னாயிருக்கும்? தாராவிக்காரி ஹால்ல வந்து சண்டை போட்டான்னு சொல்லிருப்பாங்க. எல்லாரும் அவரு பக்கம் போயிருப்பாங்க. அவரும் உன்னைத் திட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாரு.”

“சரி?”

“நான் மரியாதையாப் பேசினேன்ல. பாராட்டினேன்ல. இப்ப அவரு யார் மேலம்மா கோவப்படுவாரு?” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இன்னைக்குப் படுக்கும்போது எல்லாரும் சிரிச்சது அவரு காதுல கேக்கும். நாளைக்கும் கேக்கும். கண்ணை மூடினா போதும், கேக்கும். எனக்கு ஒரு வருஷமா கேட்டுச்சு.”

ஒரு வருஷம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினவள் நான். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று வந்தார். உமாவே இரண்டு டிக்கெட் கேட்டு வாங்கி, ஒன்றை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டாள்.